போலரைசர் வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கேமரா ஃபில்டர்கள் பற்றி வந்த கட்டுரையில், லென்ஸின் முன் மாட்டித் திருப்பிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் என்ற ஃபில்டருக்கு ஒரே ஒரு பத்திதான் ஒதுக்கியிருந்தார்கள். வானம் அடர்நீலமாக வேண்டுமென்றால் இதை மாட்டுங்கள் என்றது அந்தப் பத்தி. கண்ணாடிப் பெட்டிக்கு நேர் எதிரே நின்று ஃபில்டரைத் திருப்பினால் பிரதிபலிப்பு மறைந்துவிடும் என்றது கூடவே இருந்த படக்குறிப்பு. முதலில் சொன்னது பாதி சரி. இரண்டாவது தவறு. அதை நம்பிக் கடைக்குப் போகிறவர் நல்ல ஃபில்டரையே வாங்கிவந்தாலும், சரக்கு சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கத்தான் போவார். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

கண்ணாடி, தண்ணீர், பெயின்ட், வழவழப்பான இலை என உலோகமல்லாத எந்தப் பரப்பிலும் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளி, பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரும். போலரைசர் அந்தத் தளத்தை மட்டும் தடுக்கிறது. ஆனால் நேராகப் பட்டு நேராகத் திரும்பும் ஒளியில் இப்படி ஒரே தளத்தில் அதிரும் தன்மை, அதாவது தளவிளைவு, கிடையாது. அப்போது ஃபில்டரை எத்தனை சுற்று சுற்றினாலும் உங்கள் முகமும் சட்டையும் கண்ணாடியில் அப்படியே தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் வரும் புரூஸ்டர் கோணம்தான், அதாவது திரும்பும் ஒளி முழுவதும் ஒரே தளத்தில் அதிரும் கோணம்தான், இங்கே கணக்கு. பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளந்தால் கண்ணாடிக்குச் சுமார் 56 டிகிரி, தண்ணீருக்கு 53 டிகிரி. படமெடுப்பவருக்குப் புரியும்படி சொன்னால், கண்ணாடிப் பரப்பிலிருந்து 34 டிகிரி சாய்விலும், தண்ணீர்ப் பரப்பிலிருந்து 37 டிகிரி சாய்விலும் பார்க்கும்போது ஃபில்டர் முழு பலத்தோடு வேலை செய்யும்.

எழும்பூர் அருங்காட்சியகம் மாதிரி இடத்தில் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிற்பத்தை அவ்வளவு ஓரமாகப் போய் எடுத்தால் சிற்பம் கோணலாகத்தான் விழும். அங்கே 45 டிகிரி நல்ல சமரசம். பிரதிபலிப்பில் பெரும்பகுதி போய்விடும், சிற்பத்தின் முகமும் ஓரளவு நேராகக் கிடைக்கும். செங்குத்திலிருந்து 20 டிகிரிக்குள் வந்துவிட்டால் பலன் கண்ணுக்கே தெரியாது. நேராகத்தான் எடுக்க வேண்டும் என்றால் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ரப்பர் ஹூட் போட்ட லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து எடுப்பதே வழி. அதற்கு அனுமதி இல்லாத இடத்தில் உங்கள் பின்னால் ஒருவர் கறுப்புத் துணியை விரித்துப் பிடிக்கலாம்.

உலோகம் வேறு கதை. எவர்சில்வர் குடம், பித்தளை விளக்கு, வண்டியின் குரோம் பம்பர் ஆகியவற்றின் பளபளப்பு போலரைசருக்குப் பெரிதாக அடங்காது. காரின் பெயின்டிலும் கண்ணாடியிலும் இருக்கும் பிரதிபலிப்பு போய், பம்பரில் மட்டும் நின்றால் ஃபில்டரில் குறையில்லை.

தஞ்சாவூர் ஓவியத்தைப் பிரதியெடுப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வார்னிஷ் பளபளப்பைப் போக்க, இரு பக்கமும் 45 டிகிரியில் வைத்த விளக்குகளின் முன்னால் போலரைசர் ஷீட்டை மாட்டி, லென்ஸில் போலரைசரைக் குறுக்காகத் திருப்பி எடுப்பது வழக்கம். இரண்டு ஷீட்டுகளும் ஒரே திசையில் இருக்க வேண்டும். ஒன்று மாறினால் அந்தப் பக்கத்துப் பளபளப்பு அப்படியே நிற்கும். ஹாலஜன் விளக்கு ஷீட்டைச் சுருட்டிவிடும், எல்இடிதான் சரி. இந்த ஏற்பாட்டில் 3 ஸ்டாப்புக்கு மேல் ஒளி போகும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகக் குறைவது), ஆகவே டிரைபாட் இல்லாமல் முடியாது. வார்னிஷ் பளபளப்பு முழுவதும் போய் வண்ணம் தெளிவாக வரும். ஆனால் தங்க ரேக்கு கறுத்துப் பழுப்பாகிவிடும். தங்கம் உலோகம் என்பதால் விளக்கிலிருந்து வந்த தளம் மாறாமலே ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, லென்ஸில் உள்ள ஃபில்டர் அதையும் சேர்த்து அடைத்துவிடுகிறது. எனவே கேமராவை அசைக்காமல், ஃபில்டரைக் கொஞ்சம் திருப்பி, தங்கம் ஒளிரும் நிலையில் இன்னொரு படம் எடுத்து இரண்டையும் கணினியில் அடுக்க வேண்டும். முதல் படத்தோடு நிறுத்தியவர்களின் பிரதிகளில் கிருஷ்ணருக்குப் பின்னால் உள்ள மண்டபம் மரத்தால் செய்ததுபோல் இருக்கும்.

பிரதிபலிப்பை விலக்கிப் பார்ப்பதால் என்ன தெரியும் என்பதற்கு நம் ஊர்க்காரர் ஒருவரே சாட்சி. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1921-ல் இங்கிலாந்துக்குப் போய்வந்த கடல் பயணத்தில், மத்தியதரைக் கடலை நிக்கோல் (Nicol) பட்டகம் ஒன்றின் வழியே பார்த்தார். நிக்கோல் பட்டகமும் ஒரு போலரைசர்தான். புரூஸ்டர் கோணத்தில் கடல் பரப்பின் வானப் பிரதிபலிப்பை அணைத்துவிட்டுப் பார்த்தபோது நீலம் போகவில்லை. கடலின் நிறம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமே என்று அதுவரை இருந்த விளக்கம் அதோடு அடிபட்டது. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்ற அவருடைய குறிப்பு அந்த ஆண்டே 'நேச்சர்' இதழில் வந்தது. போலரைசர் மாட்டிய கேமராவோடு ராமேஸ்வரம் பக்கம் போனால் அதே சோதனையை யாரும் செய்து பார்க்கலாம்.

என் கருத்தில், வானத்தை நீலமாக்க மட்டும் இதை வாங்குவது வீண். வானத்தை இருட்டாக்குவதை மென்பொருளில் ஒரு நிமிடத்தில் செய்துவிடலாம். இலைமேல் வெள்ளையாகப் படர்ந்த பளபளப்பின் கீழே இருக்கும் பச்சையையோ, ஓடைத் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல்லையோ எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. கேமராவுக்குள் வராத விவரத்தை அது எங்கிருந்து எடுக்கும்? குற்றாலத்தில் சாரல் நாளில், வால்பாறையில் மழை விட்ட அரைமணியில், சூரியனே இல்லாத மேகமூட்டத்தில் போலரைசர் செய்யும் வேலை, வெயில் நாளில் செய்வதைவிடப் பெரியது. ஈரப் பாறையின் மினுமினுப்பு போய்ப் பாறையின் நிறம் தெரியும். ஃபில்டர் ஒன்றரை ஸ்டாப் ஒளியைக் குறைப்பதால் அருவியை மெதுவான ஷட்டரில் எடுக்கவும் அதுவே உதவும்.

இருந்தாலும் வானத்துக்குப் பயன்படுத்துகிறவர்கள் திசையைப் பார்க்க வேண்டும். சுட்டுவிரலைச் சூரியனை நோக்கி நீட்டுங்கள். கட்டைவிரலை அதற்குச் செங்குத்தாக விரித்துக்கொண்டு, சுட்டுவிரலை அசைக்காமல் மணிக்கட்டைச் சுழற்றுங்கள். கட்டைவிரல் தொட்டுப் போகும் பட்டையில்தான் நீலம் அதிகம் அடரும். காலையிலும் மாலையிலும் அந்தப் பட்டை தெற்கு வடக்காகத் தலைக்கு மேலே போகும். எனவே கன்னியாகுமரியில் சூரிய உதயத்தை நேரே எடுக்கிறவருக்கு வானத்தில் எந்தப் பலனும் இல்லை, கூடுதலாக ஒரு கண்ணாடியை மாட்டி வெளிச்சப் பொட்டுகளை வரவழைத்ததுதான் மிச்சம். அதே நேரத்தில் வடக்கே திரும்பினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சித்திரை நண்பகலில் சூரியன் தலைக்கு மேல் நிற்கும்போது பட்டை அடிவானத்தைச் சுற்றி விழும். சமவெளியில் அங்கே தூசும் புகைமூட்டமும் மண்டிக் கிடப்பதால் எதிர்பார்த்த நீலம் வராது. மாறாக, ஊட்டி, கொடைக்கானல் போல 2,000 மீட்டருக்கு மேலே ஃபில்டரை முழுதாகத் திருப்பினால் வானம் கறுத்துப்போகும். பாதிச் சுழற்சியில் நிறுத்துவது நல்லது.

வைட் லென்ஸில் இன்னொரு தொல்லை. ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் கிடைமட்டமாக 74 டிகிரி பார்க்கிறது, 16 மி.மீ. 97 டிகிரி. இவ்வளவு அகலத்தில் வானத்தின் தளவிளைவு ஒரே சீராக இருக்காது; படத்தின் நடுவிலோ ஒரு மூலையிலோ மட்டும் கருநீலத் திட்டு விழும். பின்னால் சரிசெய்வது பெரும்பாடு. பல படங்களை ஒட்டி எடுக்கும் பனோரமாவிலும் இதே காரணத்தால் வானம் பட்டை பட்டையாக வரும்.

இனி கடைக்குப் போவோம். முதலில் அளவு. லென்ஸின் முன்பக்க வளையத்தில், குறுக்கே கோடு போட்ட வட்டக் குறிக்கு அடுத்து இருக்கும் எண்தான் ஃபில்டர் மரையின் அளவு. பெரும்பாலான மூடிகளின் உள்பக்கத்திலும் அது இருக்கும். லென்ஸின் ஃபோக்கல் நீளத்தோடு இதைக் குழப்பிக்கொண்டு '50 எம்எம் ஃபில்டர் இருக்கா' என்று கேட்பவர்கள் ஏராளம். கேனன் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸுக்கு 49 மி.மீ. ஃபில்டர், நிக்கான் 50 மி.மீ. எஃப் 1.8 ஜி லென்ஸுக்கு 58 மி.மீ. கேமராவோடு சேர்த்து விற்கும் கிட் லென்ஸிலும் அப்படித்தான். நிக்கானின் பழைய 18-55-க்கு 52, புதிய ஏஎஃப்-பி வகைக்கு 55, கேனன் 18-55-க்குப் பெரும்பாலும் 58.

ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு ஃபில்டர் வாங்க வேண்டியதில்லை. 77 மி.மீ.யில் தரமான ஒன்றை வாங்கி, சின்ன லென்ஸ்களில் அதை ஏற்ற உதவும் ஸ்டெப்-அப் ரிங் போட்டுக்கொள்வதே சிக்கனம். ரிங்கில் 58-77 என்று இருந்தால் முதல் எண் லென்ஸ் பக்கம், இரண்டாவது ஃபில்டர் பக்கம். எண்கள் தலைகீழாக இருந்தால் அது ஸ்டெப்-டவுன். படத்தின் மூலைகள் கறுக்கும். இரண்டு மூன்று ரிங்குகளை அடுக்கி அளவைச் சேர்க்காதீர்கள். உயரம் கூடி மூலைகள் அடைபடும், ஒன்றோடொன்று இறுகியும் கொள்ளும். அலுமினிய ரிங்குகள் அதிகம் இறுகும், பித்தளை அவ்வளவு இறுகாது. ஸ்டெப்-அப் போட்டபின் லென்ஸின் சொந்த ஹூட் ஏறாது. வெயில் ஓரமாக அடித்தால் ஒரு அட்டையால் மறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்து, லீனியரா சர்க்குலரா. சர்க்குலர் என்பது ஃபில்டரின் வட்ட வடிவத்தைக் குறிப்பதல்ல. அதில், ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் வெளியே விடும் சாதாரண லீனியர் போலரைசருக்குப் பின்னால், அந்த அதிர்வைச் சுழலவைக்கும் கால்-அலைத் தகடு ஒன்று ஒட்டியிருக்கும். டிஎஸ்எல்ஆரின் உள்ளே பாதி ஒளியைக் கீழே விடும் கண்ணாடி, தளவிளைவுள்ள ஒளியைக் கண்டால் ஆட்டோஃபோக்கஸையும் மீட்டரையும் தப்பாகக் காட்டும் என்பதால் இந்தத் தகடு. மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடி இல்லை, லீனியரே போதும். ஆனால் கடைகளில் இன்று கிடைப்பது பெரும்பாலும் சிபிஎல் எனப்படும் சர்க்குலர்தான். அதையே வாங்கலாம், நஷ்டமில்லை.

பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், கடையிலேயே சோதிக்கலாம். லேப்டாப் எல்சிடி திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து, மரையுள்ள பக்கம் கண்ணை நோக்கி இருக்கும்படி ஃபில்டரைப் பிடித்துத் திருப்புங்கள். ஒரு நிலையில் திரை கிட்டத்தட்டக் கறுத்துவிட வேண்டும். கறுக்காமல் ஊதாவாகவோ கருநீலமாகவோ வெளிச்சம் கசிந்தால் உள்ளே இருக்கும் ஃபிலிம் மட்டமானது. இப்போது ஃபில்டரைப் புரட்டி, மரைப் பக்கம் திரையை நோக்கும்படி பிடித்துத் திருப்பினால் திரை இருளக்கூடாது. லேசாக மஞ்சளும் நீலமுமாக நிறம் மட்டும் மாறும். இரண்டு பக்கமும் இருண்டால் அது லீனியர், சர்க்குலர் என்று பொய்யாக எழுதியிருக்கிறார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியும் போதும். மரைப் பக்கம் கண்ணாடியை நோக்க, ஃபில்டரை ஒரு கண்ணருகே வைத்துப் பார்த்தால், கண்ணாடிக்குள் தெரியும் ஃபில்டர் கறுப்பாக இருக்கும். புரட்டினால் தெளிவாகும். ஃபில்டர் வழியே பார்த்தால் எல்லாம் ஒரேமாதிரி இலேசாக இருட்டுகிறது, திருப்பினாலும் மாறவில்லை என்றால் உங்கள் கையில் இருப்பது வெறும் கறுப்புக் கண்ணாடி.

பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சான கோட்டிங்கைப் பார்க்க, ஃபில்டரைச் சாய்த்து அதில் ட்யூப்லைட் தெரியும்படி பிடியுங்கள். கோட்டிங் இல்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் 4 சதவீத ஒளியைத் திருப்பியடிக்கும். ட்யூப்லைட் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். மல்டிகோட்டிங் உள்ளதில் அது மங்கிய பச்சையாகவோ ஊதாவாகவோ இருக்கும். இரவில் தெருவிளக்கை எடுக்கும்போது இந்த வித்தியாசம் படத்தில் வந்து நிற்கும்.

நிறத்துக்கு, ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்தில் பூட்டிவைத்து, வெள்ளைத் தாளை ஃபில்டரோடும் இல்லாமலும் எடுத்துப் பாருங்கள். ஆட்டோவில் வைத்தால் கேமராவே குறையை மறைத்துவிடும். மிக முக்கியமான சோதனை கூர்மை. மலிவு ஃபில்டர்களில் இரு பரப்புகளும் இணையாக இருக்காது. 18 மி.மீ.யில் எடுத்தால் தெரியாது, 200 மி.மீ.யில் எதிர்க்கடைப் போர்டின் எழுத்துகள் இரட்டையாகவோ குழைந்தோ வரும். வேகமான ஷட்டரில் எடுத்து, பின்திரையில் முழுதாகப் பெரிதாக்கிப் பார்த்தால் அங்கேயே முடிவு தெரிந்துவிடும்.

வளையம் எண்ணெய் விட்டதுபோல் வழுக்கவும் கூடாது, மண் அரைப்பதுபோல் உரசவும் கூடாது. கேமராவைக் கவிழ்த்தால் தானாகச் சுற்றுவது பயன்படாது. மெல்லிய ஸ்லிம் வகை வாங்கும் முன் அதில் முன்பக்க மரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் லென்ஸ் மூடி நிற்காது. 24 மி.மீ.க்குக் கீழே போகாதவர்களுக்கு ஸ்லிம் தேவையும் இல்லை. மூலை கறுக்கிறதா என்று பார்க்க, லென்ஸை அதிக அகலத்தில் வைத்து, ஃபோக்கஸ் இன்ஃபினிட்டியில், எஃப் 16-ல் வெள்ளைச் சுவரை எடுங்கள்.

கம்பெனி எது என்று கேட்பார்கள். ஹோயா, கென்கோ, மருமி, நிசி, பி+டபிள்யூ எல்லாவற்றிலும் மேல்தரம் கீழ்த்தரம் உண்டு, பெயரைப் பார்த்து மட்டும் வாங்க முடியாது. கடலோர ஊர்க்காரர்கள் மட்டும் விளிம்பு அடைக்கப்பட்டதைத் தேட வேண்டும்; பி+டபிள்யூவில் 'கேசமான்' என்று குறித்திருப்பது அந்த வகை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒட்டிய ஃபிலிமில், நாகப்பட்டினத்து ஈரக்காற்று விளிம்பு வழியே ஏறி, ஓரத்திலிருந்து வெள்ளை வெள்ளையாகப் பிரிக்கும்.

பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை. யுவி ஃபில்டரைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள். கேமராவுக்குப் பின்னால் நின்று திருப்பும்போது இடப்பக்கமாக மட்டுமே, அதாவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் மட்டுமே திருப்பும் பழக்கம் வேண்டும். மரை இறுகும் திசை அது. எதிர்ப்பக்கம் திருப்பித் திருப்பி ஃபில்டர் கழன்று பாறையில் விழுந்த கதைகள் நிறைய. பழைய கிட் லென்ஸ்கள் சிலவற்றில் ஃபோக்கஸ் செய்யும்போது முன்பகுதியே சுற்றும், அவற்றில் முதலில் ஃபோக்கஸ், பிறகு ஃபில்டர். படுக்கைவாட்டிலிருந்து நெடுவாட்டுக்குக் கேமராவைத் திருப்பினால் ஃபில்டரையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். விமான ஜன்னலில் மாட்டாதீர்கள், அந்தப் பிளாஸ்டிக் வானவில் நிறங்களாகத் தெரியும். உண்மையான வானவில்லோ, தப்பாகத் திருப்பினால் ஒரு பகுதி காணாமலே போகும்.

வேடந்தாங்கலில் பறவை எடுக்க இது வேண்டாம். எஃப் 6.3 லென்ஸில் 1/1000 நொடி கிடைக்கும் வெளிச்சத்தில், ஒன்றரை ஸ்டாப் போனால் 1/350 ஆகிவிடும். நாரை இறக்கை குழம்பும். கோவில் உள்மண்டபத்திலும் இரவிலும் கழற்றிப் பைக்குள் போடுங்கள்.

துடைக்கும்போது திரவத்தை ஃபில்டரின்மேல் தெளிக்கக் கூடாது, துணியில்தான் தெளிக்க வேண்டும். சுற்றும் வளையத்தின் இடுக்கில் இறங்கினால் கிரீஸ் கரைந்து கண்ணாடியில் படரும். லென்ஸோடு இறுகிப்போனால் விரலால் அழுத்திப் பிடித்து முறுக்காதீர்கள், வளையம் நசுங்கி முட்டைவடிவாகி இன்னும் இறுகும். அகலமான ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டு, ரப்பர் கையுறையோடு மெதுவாகத் திருப்பினால் வந்துவிடும். மே மாத வெயிலில் காரின் டேஷ்போர்டில் ஃபில்டரை விட்டுவைப்பதுதான் அதைக் கெடுக்க மிகச் சுலபமான வழி. சூட்டில் ஒட்டுப்பசை பிரிந்து, ஃபிலிமும் பழுப்பேறும். வீட்டில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வைத்தால் பூஞ்சை பிடிக்காது. ஜெல்லின் நிறம் மாறியதும் வறுத்துத் திரும்பப் போட வேண்டும்.

கண்ணாடிப் பெட்டி பற்றிய அந்தப் படக்குறிப்புக்கு ஒரு திருத்தம் வெளியிட்டால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
ஒளிப்படத் துறையைச் சேர்ந்த வாசகர்,
திருநெல்வேலி